ஒரு வருஷமாக வீட்டில் இல்லாத பன்னிரண்டு பேர்

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு டீ சொன்னேன். "சர்க்கரை கம்மியா" என்று இரண்டு தடவை சொன்னேன். வந்த டீயில் இருந்த சர்க்கரைக்கு எங்கள் ஊரில் நான்கு பேர் பசியாறலாம். "கம்மின்னு சொன்னேனே" என்றதற்கு, கடைக்காரர் என் கையில் இருந்த தம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்மிதாங்க அது. இதுக்கு மேல கம்மி பண்ணா அதுக்குப் பேரு டீ இல்லீங்க" என்றார். தே தாரிக் என்கிற எங்கள் ஊர்த் தித்திப்புப் பால் டீயைக் குடித்தே வளர்ந்த நான் இதையெல்லாம் கேட்க வேண்டிய ஆள் இல்லைதான். முழுசாகக் குடித்து முடித்தேன்.

நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருஷம் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்தினேன். இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தின் செயலாளர். என் கணவர் ஐம்பத்து மூன்று வயதில், ஒரு ஞாயிறு காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே போய்விட்டார். அதற்குப் பிறகு அதே மாடியில் இன்னும் இரண்டு ஆண்கள் நெஞ்சு வலியில் போனார்கள். சங்கம் இரண்டு பிரஷர் மிஷின்களை வாங்கியது. கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லாம் பெண்கள். வரவேண்டிய ஆண்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு, எதிரே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். நாலே வாரத்தில் மிஷின்கள் அலமாரிக்குள் போய்விட்டன.

பெரம்பலூர்ப் பக்கம் பெண்களே வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கையில் கொடுக்கிறார்கள் என்று ஒரு உறவுக்காரி சொல்லக் கேட்டேன். அது எப்படி நடக்கிறது, ஆண்கள் எப்படிக் கையை நீட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட வேண்டும். எங்கள் சங்கத் தலைவர் லிம், "போய்ப் பார்த்துவிட்டு வா, கோயில் குளம் என்று சுற்றிவிட்டு வராதே" என்று அனுப்பினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்காமல் போகக் கூடாது என்றார். லிம்மை நினைத்து, தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை காலை வேப்பந்தட்டையில் இறங்கியபோது உறவுக்காரி சொல்லிவைத்திருந்த செல்வி மொபெட்டுடன் நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் சவூதியில் டிரைவர். மேற்கே மலையைப் பார்த்த ஒரு ஊருக்கு அவள்தான் சுகாதாரத் தன்னார்வலர். தோளில் நீலப் பை. அதற்குள் மிஷின், சுகர் பார்க்கும் ஊசி, மாத்திரைகள், ஒரு நீள நோட்டு. நான் அவளை வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். அவள் என்னை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிவிட்டாள்.

"நூத்தி அம்பத்தெட்டு, தொண்ணூத்தி நாலு" என்றாள். "ஏம்மா, இத வச்சிக்கிட்டா எங்கள பாக்க வந்தீங்க?"

பயணக் களைப்பு என்றேன், தூக்கமில்லை என்றேன், பெரம்பலூர் டீயைச் சொன்னேன். "டீய ஏம்மா இழுக்குறீங்க? மாத்திர போட்டீங்களா?" என்றாள். போடவில்லை. மாத்திரை பெட்டியின் அடியில் இருந்தது. என் மகள்கூட என்னை இப்படி விசாரித்ததில்லை.

செல்வி வேலையை ஆறு மணிக்கே ஆரம்பிக்கிறவள். "மேச போட்டா யாரும்மா வருவா? ஏழு மணிக்கெல்லாம் சனம் காட்டுக்குப் போயிடும். நாமதான் முந்திக்கணும்" என்றாள். அன்று எனக்காகத் தாமதமாகியிருந்தது. இருந்தாலும் பத்துப் பதினைந்து வீடுகளைப் பார்த்தோம். வாசலில் நின்று குரல் கொடுப்பாள், சாணி தெளிக்கிறவளையும் துணி துவைக்கிறவளையும் அப்படியே உட்கார வைப்பாள், "பேசாம இருங்க, பேசினா ஏறும்" என்பாள். அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வீட்டில், "உப்புப் பாக்கெட்ட எடுத்துட்டு வாங்க" என்றாள். பாக்கெட்டின் மேல் பேனாவில் ஒரு தேதி எழுதியிருந்தது. பிரித்த அன்றே தேதி எழுதிவிட வேண்டும் என்பது இவள் ஏற்பாடு. "நாலு பேரு சாப்புடுற வூட்டுல ஒரு கிலோ ஒன்றர மாசம் வரணும். உங்களுக்குப் பதினெட்டு நாள்ல காலி" என்றாள். அந்தம்மா கூசாமல், "மாடும் நக்குது" என்றார். இருபத்திரண்டு வருஷம் சமைத்துப் போட்ட எனக்கு இப்படி ஒரு கணக்கு தோன்றியதில்லை. என் சிற்றுண்டிச்சாலையில் உப்பு மூட்டையில் வரும். அதில் யார் தேதி எழுதினார்கள்?

இன்னொரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாத்திரை மீந்திருந்தது. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை அது. வெங்காயக் காட்டில் வேலை இருக்கும் நாளில் போட்டால் ஒதுங்க இடமில்லை, அதனால் வேலை இல்லாத நாளில் மட்டும் போடுகிறாளாம். இதைச் சொல்ல அவளுக்கு மூன்று மாதம் ஆனது என்று செல்வி பிறகு சொன்னாள். நர்ஸிடம் கேட்டு, வீடு திரும்பியதும் மூணு மணிக்குப் போடும்படி மாற்றிக் கொடுத்தாள். எனக்கு இந்த இடத்தில்தான் இந்தப் பயணம் வீண்போகாது என்று தெரிந்தது.

மதியம் செல்வி வீட்டில் கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். இரண்டாவது மோர்மிளகாய்க்குக் கை நீட்டினேன். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நூத்தி அம்பத்தெட்டு" என்றாள். கூழை மட்டும் குடித்தேன்.

சாப்பிட்ட பிறகு நோட்டைப் புரட்டினேன். சுத்தமான கையெழுத்து. பெயர், வயது, பிரஷர், சுகர், மாத்திரை. தெருத்தெருவாக ஒழுங்காகப் போகிறது. அவள் குடியிருக்கும் மேலத்தெருவில் மட்டும் பன்னிரண்டு பெயர்களுக்கு எண்ணே இல்லை. அந்த இடத்தில் "வீட்டில் இல்லை" என்று எழுதியிருந்தது. முந்தின மாதமும் வீட்டில் இல்லை. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. ஒரு வருஷமாக. பன்னிரண்டு பேரும் ஆண்கள், எல்லாருக்கும் ஐம்பதைச் சுற்றி வயது.

"எல்லாரும் வெளிநாடா?" என்று கேட்டேன்.

செல்வி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் தெருமுனை டீக்கடையில் ஏழெட்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன். ஆறு பேர் அந்த நோட்டில் வீட்டில் இல்லாதவர்கள். அதில் ஒருவர் பீடியும் கையுமாக, "நான் எங்கம்மா போறேன், இங்கதான் கெடக்குறேன்" என்றார்.

திரும்பி வந்து செல்வியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னாள். மேலத்தெரு முழுக்க அவள் கணவரின் பங்காளிகள். கணவரைவிட மூத்த ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மூத்தார் முறை. தம்பி பெண்டாட்டி மூத்தாரின் எதிரே உட்கார மாட்டாள், நேராகப் பேச மாட்டாள், பெயரைச் சொல்ல மாட்டாள். கையைத் தொடுவது நினைத்தும் பார்க்க முடியாதது. பிரஷர் மிஷினோ கையைத் தொடாமல் வேலை செய்யாது.

"பொய் நம்பர் எழுத மனசு வரல. கட்டத்த வெறுமனே வுட்டா கேள்வி கேப்பாங்க. அதான் இல்லன்னு எழுதினேன்" என்றாள்.

"ஆண் ஊழியர் யாரும் வருவதில்லையா?"

"மாசம் ஒரு நாளு ஸ்கூல்ல முகாம் போடுவாங்க. அன்னிக்கு இவங்க நெசமாவே வூட்டுல இருக்க மாட்டாங்க."

அடுத்த வீடே அவள் கணவரின் சொந்த அண்ணன் வீடு. பன்னிரண்டில் முதல் பெயர் அவருடையது. இரண்டு மாதமாகக் காட்டிலிருந்து வரும்போது மூன்று இடத்தில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிறாராம். கேட்டால் வாய்வு என்கிறாராம், சோடா வாங்கிக் குடிக்கிறாராம். செல்வி தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். கணவர் சவூதியிலிருந்து போனில் சொல்லிப் பார்த்தார். தம்பி சொல்லி அண்ணன் கேட்பாரா? "ஊருக்கெல்லாம் பாத்துட்டு எங்க வூட்டு ஆளக் கோட்ட வுட்டுடுவேனோன்னு பயமா இருக்கும்மா" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என் கணவருக்கும் வாய்வுதான் என்று, அவர் சாவதற்கு முந்தின வாரம் முழுக்க நான் இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

"நான் கட்டுகிறேன், வா" என்று அப்போதே கிளம்பினேன்.

அவர் வாசல் கட்டிலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். செல்வி தூணுக்குப் பின்னால் நின்று, தன் ஓரகத்தி சரோஜாவிடம் பேசினாள்: "அக்கா, மாமாவ ஒரு நிமிசம் கை நீட்டச் சொல்லுங்க." அவர் அதைக் கேட்டுவிட்டு, எதிரே கட்டியிருந்த ஆட்டிடம் பதில் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு." இரண்டு பேருக்கும் நடுவில் சரோஜாவும் ஆடும் பாடுபட்டார்கள்.

நான் பட்டையை எடுத்தேன். "விருந்தாளி கையில இதெல்லாம் வாங்கிக்கலாமா? நீங்க காப்பி குடிங்க" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். சரோஜா கட்டிப் பார்த்தார். தலைகீழாகக் கட்டியதில் மிஷின் கூவிவிட்டு எண் காட்டாமல் நின்றது. "பாத்தீங்களா, மிஷினே வேணாங்குது" என்று மூத்தார் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

இரவு செல்வி வீட்டில் படுத்திருந்தபோது லிம் போன் செய்தார். எத்தனை பேர் சோதனைக்கு வருகிறார்கள் என்று மலாயில் கேட்டார். யாரும் வருவதில்லை, இவர்கள்தான் போகிறார்கள் என்றேன். அப்படியானால் எல்லாரையும் பார்த்துவிடலாமே என்றார். அடுத்த வீட்டைத் தவிர என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை அரியலூர்ப் பயணம். இது செல்வியின் யோசனை. மூத்தாரின் கூடப் பிறந்த தங்கை சுமதி ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளும் அங்கே இதே வேலையில் இருக்கிறாள். அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். எங்கள் பஸ் ஒரு லாரியின் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. இறங்கும்போது முட்டியில் மாவு அப்பியது போலத் தூசி. மினி பஸ்ஸுக்கு ஓடியதில் என் செருப்பு வார் அறுந்தது. கண்டக்டர் ஒரு சணல் துண்டைக் கொடுத்து, "கட்டிக்கங்க, ஜெயங்கொண்டம் வரைக்கும் தாங்கும்" என்றார். உண்மையிலேயே அதுவரைக்கும்தான் தாங்கியது.

முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மச்சானுக்கு நெஞ்சை அடைத்ததாம். சோடா கொடுத்தார்களாம், முதுகில் நீவினார்களாம், சாயங்காலம் போய்விட்டாராம். "நல்ல சாவு, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார் மற்றவர். செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுமதி, செல்விக்கு நேர் எதிர். சத்தமான ஆள். வறுத்த முந்திரியை உப்பில்லாமல் ஒரு தட்டில் வைத்தாள். அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஒன்பது ஆண்கள் "வேலைக்குப் போயிருக்கிறார்". எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுமதியும் சிரித்தாள். "என்ன பண்றதும்மா? வாக்கப்பட்ட ஊர்ல நிமிந்து பாக்கக் கூடாது. பொறந்த ஊருன்னா ஒவ்வொருத்தன் காதையும் புடிச்சித் திருகுவேன், எல்லாம் எனக்கு அண்ணனுவதான்."

இந்த வேலைக்கு அந்தந்த ஊரில் குடியிருக்கும் பெண்ணைத்தான் எடுக்கிறார்கள். குடியிருக்கும் பெண் என்றால் பெரும்பாலும் அந்த ஊர் மருமகள். திட்டி உட்காரவைக்கிற உரிமை மகளுக்கு இருக்கிறது. மிஷின் மருமகளிடம் இருக்கிறது. இரண்டு நாள் அலைந்ததில் நான் கற்றது இதுதான். செல்வி பிறந்தது சுமதியின் ஊருக்கு அடுத்த ஊர். அந்த ஒன்பது பேருக்கு அவள் மருமகள் இல்லை, தெரிந்த வீட்டு மகள்.

"ஊரு மாத்திப் பாக்கவான்னு ஆபீஸ்ல கேட்டா மாவட்டம் வேறம்பாங்க" என்றாள் செல்வி.

"ஏன் கேக்கணும்? ஞாயித்துக்கெழம அண்ணன் வூட்டுக்கு வரேன். பையில மிஷின் இருந்தா யாரு கேக்குறது? அந்த ஒம்பது பேருக்கு நீ ஒரு நாளு வா" என்றாள் சுமதி. ஞாயிறு என்று முடிவானது. திரும்பும்போது செல்வி பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழரை. சரோஜா வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டார். நானும் செல்வியும் ஆறு மணி வீடுகளை முடித்துப் பையோடு திரும்பினோம். மூத்தார் வாசல் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் பாதி குடித்த சோடா. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியாமல் மடியில் போட்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

செல்வி வழக்கம்போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். எத்தனை நொடி என்று தெரியாது. எனக்கு அது என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. பிறகு அவள் பையைக் கீழே போட்டாள். நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அடுத்தது எல்லாம் வேகம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள், நாங்கள் அங்கே வருகிறோம் என்றாள். நெஞ்சு வலிக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் அங்கேதான் இருக்கின்றன, நாலு கிலோமீட்டர். தெருவில் வெங்காய மூட்டையோடு ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்றது. டிரைவரும் அவளுமாக அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அவள் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

அந்த வலியிலும் அவர் விலகினார். வண்டியின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள்மேல் படாமல் இருக்கப் பார்த்தார். செல்வி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். "மாமா, சாஞ்சிக்குங்க. பேசாதீங்க. நான் இருக்கேன், சாஞ்சிக்குங்க" என்றாள். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் அவர் சாய்ந்துவிட்டார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒயர்களை ஒட்டிக்கொண்டே, "பேரு?" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். நோட்டில் படித்த பெயர் எனக்கு நினைவில் வரவில்லை. மூன்று நாளாக அவர் எனக்கும் மூத்தார்தான். "தங்கராசு" என்றாள் செல்வி. நர்ஸுக்குக் கேட்கவில்லை. "தங்கராசு, தங்கராசு" என்று கத்தினாள். பிரஷர் முன்னால் எவ்வளவு இருந்தது என்று அடுத்த கேள்வி. ஊரில் எல்லார் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருப்பவள், "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மாரடைப்பேதான். ஒரு பிடி மாத்திரையை விழுங்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இன்னும் அரை மணி நேரம் சோடாவை நம்பியிருந்தால் சொல்வதற்கில்லை என்று அங்கே இருந்த இளம் டாக்டர் சொன்னார்.

ஞாயிறு காலை சுமதி ஜெயங்கொண்டத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, அண்ணனைப் பார்த்து அழுதுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மேலத்தெருவுக்குப் போய்விட்டாள். பதினொரு பேரும் கூப்பிடாமலே வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று போனில் சொன்னாள். நான்கு பேருக்கு அவள் சொன்ன எண்களைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது.

மாலையில் நானும் செல்வியும் வார்டுக்குப் போனோம். தங்கராசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சரோஜா இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். செல்வி வாசலிலேயே, கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். முந்தானை மறுபடி தோளைப் போர்த்தியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

தங்கராசு கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சரோஜா வேண்டுமென்றே இட்லித் தட்டில் குனிந்துகொண்டார். பேச ஆடும் இல்லை.

"செல்வி" என்றார் அவர். "உள்ள வாம்மா. காலையில பாத்தாங்க. நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூறுன்னாங்க. நோட்டுல எழுதிக்க."